கீச்சுவின் செல்கள்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் சௌக்கியம். கீச்சுவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை இன்னும் அந்த ஆய்வகத்துப் பெஞ்சில் நின்றபடி பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாயா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் உன் குரல் கேட்டாலே உன் மருமகள் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். ஒன்பது வயதுக்கு எல்லாம் புரிகிறது. அதனால் அவளைப் பற்றிய பேச்சு இனி காகிதத்தில்தான். நீயும் வீட்டுக்கு எழுதாதே, என் கம்பெனி விலாசத்துக்கு எழுது.

அக்டோபரில் என் கையிலும் அவள் கையிலும் தோல் எடுத்துப் போனீர்களே, அந்தத் தழும்பைப் பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டிவிட்டாள். "எங்க மாமா என்னைக் கொஞ்சம் கிள்ளி எடுத்துட்டுப் போயிருக்கார், அங்க இன்னொரு கீச்சு செய்றார்" என்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்.

இப்போது விஷயம். போன மாதத்திலிருந்து இடது கால் இழுக்கிறது. டாக்டர் சக்கர நாற்காலி வாங்கிவிடுங்கள், காலை வருத்தாதீர்கள் என்கிறார். பிசியோதெரபி அம்மாவோ, நரம்பு நன்றாக இருந்தால் தினமும் நடக்க வைக்கலாம், உட்காரவைத்தால் உள்ளதும் போய்விடும் என்கிறார். நரம்பு நன்றாக இருக்கிறதா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. நீ சொல்லேன். உன்னிடம்தானே அவள் இருக்கிறாள்?

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம், பிஸ்கட் இல்லை, சோறுதான். அத்தானின் முதுகுவலி எப்படி இருக்கிறது?

நரம்பைப் பற்றி நான் இப்போது எதுவும் சொல்ல முடியாது. என்ன செய்கிறோம் என்று மட்டும் சொல்கிறேன். உங்கள் தோல் செல்களைப் பின்னோக்கி நடத்தி, எதுவாகவும் ஆகக்கூடிய ஸ்டெம் செல்லாக மாற்றியிருக்கிறோம். இனி அதை நரம்பு செல்லாக வளர்க்க வேண்டும். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இரண்டு மீட்டர் நீள டி.என்.ஏ. இழை, கண்ணுக்கே தெரியாத ஒரு பைக்குள் மடிந்து கிடக்கிறது. தோலிலும் அதே இழை, நரம்பிலும் அதே இழை. மடிப்புதான் வேறு. நரம்பாகும்போது வேண்டாத பகுதிகள் பையின் ஓரத்துக்குப் போய் வாயை மூடிக்கொள்கின்றன. எங்கோ தூரத்தில் இருக்கும் இரண்டு பகுதிகள் வளைந்து வந்து ஒன்றையொன்று தொடுகின்றன. அந்த வளைவைப் பிடித்து நிறுத்தும் கொக்கி ஒன்று இருக்கிறது. கீச்சுவுக்கு அந்தக் கொக்கியில்தான் பிழை. உனக்கு அந்தப் பிழை இல்லை, அதனால்தான் ஒப்பிட்டுப் பார்க்க உன்னையும் வைத்திருக்கிறோம். பிழையான கொக்கி மடிப்பையே கெடுக்கிறதா, இல்லை மடிப்பு சரியாகத்தான் வந்து வேறெங்கோ கோளாறா, இதுதான் கேள்வி.

சொந்தக்காரர் செல்லைச் சொந்தக்காரர் தொடக் கூடாது என்று எங்கள் தலைவி முதலில் மறுத்தார். காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்கினேன். போன வாரம் இரண்டு தட்டையும் இன்குபேட்டரிலிருந்து எடுத்து, இரண்டு மூடியையும் ஒரே நேரத்தில் கழற்றி வைத்துவிட்டு, உன்னையும் அவளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மாவும் மகளும் அப்படியே ஒரே ஜாடை!

பாசமுடன்,
தம்பி


மார்ச் 28

அன்புள்ள தம்பிக்கு,

நலம், உன் நலம் அறிய ஆவல். அத்தான் முதுகு அப்படியேதான் இருக்கிறது, அவரும் அப்படியேதான் இருக்கிறார்.

ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை மடித்துப் பெட்டியில் போடுகிறவளுக்கு மடிப்பு பற்றிப் பாடம் எடுக்கிறாயா? எனக்கு எல்லாம் புரிந்தது. பை முன்னால் தெரிய வேண்டும், கை பின்னால் போக வேண்டும், ஒரு மடிப்பு தப்பினால் முழுச் சட்டையும் கோணும். எங்கள் சூப்பர்வைசரை உங்களிடம் அனுப்பவா?

கீச்சு பள்ளிக்கூட மாடிப்படியில் விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டாள். இரண்டு தையல். சக்கர நாற்காலி வந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் மடக்கி வைத்திருக்கிறேன். அவள் அதைக் கேட்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. தாண்டிப் போகும்போது ஒரு விரலால் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போகிறாள்.

நான் இதில் உட்காரவைத்தால் அவள் நடக்காமல் போனதற்கு நான்தான் காரணம் ஆவேன் என்று பயமாக இருக்கிறது. நிச்சயமாகத் தெரிய வேண்டாம். உன் மனதுக்குப் பட்டதைச் சொல்.

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள் எல்லோரும் நலம்தானே? கீச்சுவின் உதடு ஆறிவிட்டதா?

குடும்பத்துக்கு ஆய்வின் முடிவைச் சொல்லக் கூடாது என்பது இங்கே கண்டிப்பான விதி. தெரிந்தேதான் மீறுகிறேன். அக்கா, உன் மகள் பிரமாதம்! ஆறு வாரமாக அவளுடைய செல்கள் நரம்பாக வளர்கின்றன. ஒவ்வொன்றும் நீளமாகக் கை நீட்டிப் பக்கத்துச் செல்லைத் தேடித் தொடுகிறது. பார்த்த அன்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த வளர்ச்சியைப் பார்த்தால் மடிப்பில் குறை இருக்கும் என்று தோன்றவில்லை. எனக்குத் தெரிந்தவரை அவள் நரம்பில் குற்றம் இல்லை. நடக்க வை. நன்றாக நடக்கட்டும்.

சொதப்பியது நீதான். உன் செல்கள் பாதி தூரம் வந்து நின்றுவிட்டன. முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கும்பலாகக் கிடந்தன. என்ன கொடுத்தாலும் அசையவில்லை. சின்ன வயதிலிருந்தே உன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா? ஒப்பிடுவதற்கு வேறு ஒருவருடைய செல்லை வாங்கிக்கொண்டு உன்னைப் பிளீச் ஊற்றிக் கொட்டிவிட்டேன். குளிர்பெட்டியில் உறையவைத்திருந்த உன் குழாய்களையும் இடம் வேண்டும் என்று எடுத்துப் போட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

பாசமுடன்,
தம்பி


மே 19

என் தங்கமான தம்பிக்கு,

நாங்கள் மூன்று பேரும் ரொம்ப சௌக்கியம். நீ நூறு வயது இரு. உன் கடிதத்தைப் பேக்கிங் மேஜையிலேயே வைத்து நாலு தடவை படித்தேன். பக்கத்து மேஜைக்காரி என்னடி கல்யாணமா என்று கேட்டாள். என்னைக் கொட்டினால் கொட்டிவிட்டுப் போ. நான் எதற்கு?

சக்கர நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். தினமும் காலையில் குடியிருப்பு வராந்தாவில் நாற்பது தப்படி. அப்புறம்தான் டி.வி. உன் மருமகள் லேசுப்பட்டவள் இல்லை. இருபதிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு, "கால் கேக்கலம்மா, நான் சொல்றேன், அது கேக்கல" என்கிறாள். நான் விடுவேனா? "மாமா எழுதியிருக்கார், உன் நரம்பெல்லாம் நல்லா இருக்காம், இதெல்லாம் சோம்பேறித்தனம்" என்று சொன்னால் முகத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். அத்தான் அவளுக்குப் பரிந்துகொண்டு வருகிறார். அவரையும் ஒரு அதட்டல் போட்டிருக்கிறேன்.

இந்தத் தடவை அவளிடம் ஒளிக்க எதுவும் இல்லை. உறையை அவளையே ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா, அத்தான், கீச்சு

*மாமா நான் கீச்சு. அம்மா ஸ்டாம்ப் எடுக்கப் போயிருக்கா. அங்க இருக்கற என் செல்லு நல்லா இருக்குன்னு அம்மா சொன்னா. ஆனா இங்க இருக்கற கால் ரொம்ப வலிக்குது. நடந்தா எரியுது. அம்மாகிட்ட சொல்லாதீங்க, அவ சந்தோஷமா இருக்கா.*


ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம்.

கீச்சுவுக்கு ஒரு படம் அனுப்பியிருக்கிறேன். பச்சையாகத் தெரிவதெல்லாம் நரம்பின் கிளைகள், நீலப் புள்ளிதான் இழை மடிந்திருக்கும் பை. அவளுடைய படம் என்று சொல்லிக் கொடு.

பயிற்சியைக் கொஞ்சம் அளவோடு வைத்துக்கொள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடந்தால் போதாதா? சும்மா தோன்றியது, சொன்னேன். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


செப்டம்பர் 11

தம்பி,

சௌக்கியம் என்று எழுத வரவில்லை. இருக்கிறோம்.

நீ வந்து போய் மூன்று வாரம் ஆகிறது. நீ இருந்த மூன்று நாளும் நான் உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மனதில் வைத்துக்கொள்ளாதே. வந்தவர்களெல்லாம் சாதாரணக் காய்ச்சல்தானே, எப்படி மூச்சு நின்றது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மூச்சை இழுக்கும் நரம்பு ஓய்ந்துவிட்டது என்றார் டாக்டர். நரம்பு நன்றாகத்தானே இருந்தது என்று நான் கேட்டேன். அவருக்கு என்ன தெரியும்?

அவளுடைய செருப்பை அத்தான் எங்கேயோ எடுத்து வைத்துவிட்டார். கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார். நீ அனுப்பிய பச்சைப் படம் மட்டும் என்னிடம் இருக்கிறது. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் பார்க்கிறேன். அவள் முழுசாகப் போகவில்லை, உன்னிடம் கொஞ்சம் இருக்கிறாள். அதை நினைத்துத்தான் காலையில் எழுந்திருக்கிறேன்.

நீ அந்தச் செல்லுக்குத் தினமும் சாப்பாடு மாற்றுவாய் அல்லவா? லீவு நாளில் யார் மாற்றுகிறார்கள்? யாரிடமும் விட்டுவிடாதே. நீயே போ.

அக்கா


நவம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். குளிர் ஆரம்பித்துவிட்டது. நீ வேலைக்குப் போக ஆரம்பித்ததாக அத்தான் போனில் சொன்னார், நல்லது. செல்கள் நன்றாக இருக்கின்றன. லீவு நாளிலும் நான்தான் போகிறேன். வேறு செய்தி இல்லை. மருந்தை விடாமல் சாப்பிடு.

தம்பி


டிசம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

நலம். இரண்டரை மாதம் காத்திருந்து ஏழு வரி வந்தது. எண்ணிப் பார்த்தேன். ஏழு வரியில் அவள் பேர் ஒரு இடத்தில்கூட இல்லை. உனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும், தெரியும்.

நானே வருகிறேன். கம்பெனியில் ஒரு வாரம் லீவு கேட்டு வாங்கிவிட்டேன். ஜனவரி இருபதாம் தேதிக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. தொட மாட்டேன், பக்கத்தில்கூட வர மாட்டேன். நீ மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினால் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விடுவேன். கை நீட்டித் தொடுகின்றன என்று எழுதினாயே, அதைப் பார்க்க வேண்டும். உள்ளே வர அனுமதி வேண்டும் என்றால் உன் தலைவியிடம் இப்போதே கேட்டு வை. பெற்றவள் என்று சொல்.

அக்கா


டிசம்பர் 27

அக்கா,

இந்தக் கடிதத்தை அத்தான் பக்கத்தில் இருக்கும்போது படி.

நீ பார்க்க வரும் செல்கள் கீச்சுவுடையவை அல்ல. உன்னுடையவை.

எனக்கு அக்டோபரிலேயே தெரியும். ஆய்வை வெளியிடுவதற்கு முன் எல்லாச் செல்களையும் இன்னாருடையதுதானா என்று சோதிப்பார்கள். கீச்சு என்று எழுதியிருந்ததில் கொக்கியின் பிழை இல்லை. தோலோடு சேர்த்து எடுத்திருந்த உன் ரத்தத்தோடு நூற்றுக்கு நூறு ஒத்துப்போனது. குறிப்பேட்டைத் தேடிப் பார்த்தேன். பிப்ரவரியில் இரண்டு மூடியையும் ஒன்றாகக் கழற்றினேன் என்று உனக்குப் பெருமையாக எழுதினேனே, அன்றுதான். ஒரு நேரத்தில் ஒரு தட்டைத்தான் திறக்க வேண்டும். பேரைத் தட்டின் அடியில் எழுத வேண்டும், மூடியில் எழுதக் கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக்கொடுக்கும் பாடமே இதுதான். நான் மூடியில் எழுதியிருந்தேன். ஜாடை பார்த்து முடித்ததும் மூடிகளை மாற்றிப் போட்டுவிட்டேன். வேறு யாருடைய செல்லாக இருந்தாலும் நான் அப்படி இரண்டையும் சேர்த்துவைத்துப் பார்த்திருக்க மாட்டேன்.

அப்படியென்றால் நான் பிளீச் ஊற்றிக் கொட்டியது யாரை என்று உனக்குப் புரிந்திருக்கும். பிடிவாதம் என்று கேலி செய்து எழுதியதும் அவளைத்தான். குழாய்களை உறையவைத்ததும் மூடி மாறிய பிறகுதான், அதனால் அவளுடையது ஒரு குழாய்கூட மிச்சமில்லை. தோல் துண்டு அரிசி அளவுதான், ஆரம்பத்திலேயே தீர்ந்துவிட்டது.

கொட்டுவதற்கு முன் எடுத்த மடிப்பு வரைபடம் ஒன்று கம்ப்யூட்டரில் உன் பேரில் இருந்தது. அதை இப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். வளைவுகள் எதுவும் நிற்கவில்லை. ஓரத்துக்குப் போய் அடங்க வேண்டியவை நடுவிலேயே கிடக்கின்றன. நரம்புக்கு வேண்டியவை ஒன்றையொன்று தொடவே இல்லை. அக்கா, கால் கேட்கவில்லை என்று அவள் சொன்னது அத்தனையும் உண்மை. நடக்க வைத்திருக்கவே கூடாத பிள்ளை அவள். நான் எழுதியதை நம்பி நீ நடக்க வைத்தாய்.

இன்னொன்றும் இருக்கிறது. உன் மே மாதக் கடிதத்தின் கடைசியில் அவள் நாலு வரி எழுதியிருந்தாள். ரொம்ப வலிக்கிறது, எரிகிறது, அம்மாவிடம் சொல்லாதீங்க என்று. நான் சொல்லவில்லை. தட்டில் இருப்பதை நம்பினேன், அவளை நம்பவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று பூசி மெழுகி எழுதியது அதனால்தான்.

தலைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆய்வை நிறுத்திவிட்டார்கள். மார்ச்சோடு என்னையும் அனுப்பிவிடுவார்கள். அது போகட்டும். செப்டம்பரில் நீ எழுதிய கடிதத்துக்கு நான் என்ன பதில் எழுதியிருக்க முடியும்? உன்னிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான், அதையும் எப்படிப் பிடுங்குவேன் என்று இருந்துவிட்டேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இல்லை.

தம்பி


ஜனவரி 30

தம்பிக்கு,

அத்தானும் நானும் இருக்கிறோம். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். என் செல்லைப் பார்க்க நான் எதற்கு அவ்வளவு தூரம் வர வேண்டும்?

உன் கடிதத்தை அத்தானிடம் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு, "அப்ப அவ பொய் சொல்லலையா?" என்று கேட்டார். அன்றிலிருந்து வராந்தாப் பக்கம் போவதில்லை, பின்படி வழியாகத்தான் இறங்குகிறார்.

உன்மேல் கோபம் இருக்கிறது. நிறைய இருக்கிறது. ஒரு மாதமாகத் தினமும் உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதுகிறேன், பாதியில் கிழித்துவிடுகிறேன். ஏன் முடிக்க முடியவில்லை என்று உனக்குச் சொல்ல வேண்டும். நீ உன்னுடையதைச் சொல்லிவிட்டாய், நானும் சொல்லிவிடுகிறேன்.

நான் உனக்கு எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. ஜூலை கடைசியில் ஒரு நாள் காலை, பன்னிரண்டாவது தப்படியிலேயே அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. எழுந்திரு என்றேன். "கேக்கலம்மா" என்றாள். "பொய் சொல்லாதடி, மாமா எழுதியிருக்கார்" என்று கன்னத்தில் ஓங்கி அறைந்துவிட்டேன். பிறந்ததிலிருந்து அவளை நான் கை நீட்டி அடித்ததில்லை. அவள் அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். "ஆமாம்மா, பொய்தான் சொன்னேன். வலிக்கல. இனிமே சொல்ல மாட்டேன்" என்றாள். மீதி இருபத்தெட்டையும் நடந்து முடித்துவிட்டுத்தான் பையை மாட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு போகும்வரை ஒரு நாள்கூட என்னிடம் வலிக்கிறது என்று சொல்லவில்லை. ஒரு அறையில் சரியாகிவிட்டாள் என்று நான் பஸ்ஸில் சந்தோஷமாக உட்கார்ந்து போனேன்.

நீ செய்ததை என்னிடம் சொல்லிவிட்டாய். நான் திட்டுவேன், அழுவேன், என்றைக்காவது ஒரு நாள் உனக்குச் சோறும் போடுவேன். நான் செய்ததை அவளிடம்தான் சொல்ல வேண்டும். அவள் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா